நூலால் தைத்த விருந்து

"...ஆவி பறக்கையில ஹெட்மாஸ்டருக்கு, ஆறிப்போனா எங்க ஆத்தாளுக்கா?"

கேட்டவள் என் அக்கா பேச்சியம்மாள். தன் புருஷனைப் பார்த்துத்தான் கேட்டாள். விளாங்குடியில் அவர்கள் கட்டிய புது வீட்டின் கூடம் அது. தரையில் பந்திப்பாய். பாய்க்கு முன்னால் வரிசையாக வாழை இலைகள். இலைகளில் சோறு, சோற்றுக்கு மேல் பருப்பு, பருப்புக்கு மேல் நெய். பாயில் மட்டும் ஒருவரும் இல்லை.

சுவரில் ஒரு கூட்டம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது, கண்ணாடிக்கு உள்ளே.

அந்தக் கண்ணாடியை வெட்டியவன் நான். சட்டம் அடித்தவனும் நான். அதனால் அந்தப் படத்தின் கதையை இந்த வாரம் நான்தான் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் எழுதியதைப் படித்த ஒருவர் பால் பூத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏண்ணே, பிரேம் கடையில அம்புட்டுச் சாமி படத்துக்குச் சட்டம் போட்டீகளே, எந்தச் சாமிண்ணே மனசுல நின்னுச்சு?" என்றார். சாமிகள் எல்லாம் வந்தார்கள், கண்ணாடி போட்டதும் போய்விட்டார்கள். நின்றது அந்த ஒரு விருந்துதான். நெஞ்சில் முள் நிற்பதுபோல நிற்கிறது.

துண்டு எங்கே இருக்கிறது?

நான் வேலை பார்த்த கடை டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கை படாத சாமி மதுரையில் இல்லை. கல்யாணப் போட்டோவோ காலண்டர் முருகனோ, எது வந்தாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "கண்ணாடி போட்டா கழுதைக்கும் களை வந்துரும்ப்பா."

அவரிடம் இன்னொரு சித்தாந்தமும் உண்டு. "ஒரு வீட்டுச் செவுத்தப் பாத்தாப் போதும், ரேஷன் கார்டு வேணாம். யாரு, என்ன, எந்தத் தெரு, அம்புட்டும் அங்கனயே தொங்கும்."

நான் ஏட்டுப் படிப்பு அதிகம் படித்தவன் இல்லை. கடைக்கு வந்த பழைய பேப்பரையும், படங்களுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பேப்பரையும் எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் நாலெழுத்து தேறினேன். ஆனால் பாய் சொன்ன இந்தப் பாடம் மட்டும் எனக்குச் சீக்கிரமே மண்டையில் ஏறிவிட்டது. தாத்தாக்களின் போட்டோ சட்டம் போட வரும். துண்டைத் தோளில் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது ஒரு தெரு. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்காலி பக்கத்தில் இருந்தும் அதில் உட்காராமல் நின்றபடி படம் எடுத்துக்கொண்டிருந்தால் அது வேறு தெரு.

எங்கள் தெரு இரண்டாவது.

சமயநல்லூரிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். பண்ணை நிலங்களில் கூலிக்கு நின்ற குடும்பங்கள் நாங்கள். அறுத்த நெல் எங்களுடையது இல்லை, இறைத்த கிணறும் எங்களுடையது இல்லை. பண்ணை வீட்டில் கல்யாணம் என்றால் எங்கள் ஆட்கள்தான் பந்தல்கால் நடுவார்கள், விறகு பிளப்பார்கள், கொட்டு அடிப்பார்கள். கடைசிப் பந்தி எழுந்த பிறகு கொல்லைப் பக்கமாகச் சட்டியோடு போய் நிற்க வேண்டும். எங்கள் அப்பா அதைப் பற்றி ஒரு சொல் சொல்வார்: "வாசம் வரைக்கும் வரலாம்டா, வாசல் வரைக்கும் வரப்படாது."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் சிரித்தால் எங்களுக்கு அழுகை வரும்.

அந்தத் தெருவிலிருந்து முதன்முதலில் வாத்தியார் வேலைக்குப் போனவர் தங்கராசு மச்சான். என் அக்காவைக் கட்டினார். நகரத்தின் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தார். வேட்டியை விட்டுப் பேன்ட்டுக்கு மாறினார். பேச்சும் மாறியது. அக்கா மட்டும் அப்படியே இருந்தாள். "நான் பள்ளிக்கூடம் போனது மழைக்கு ஒதுங்க. அன்னிக்கும் பாத்து மழை சீக்கிரம் விட்ருச்சு" என்பாள்.

எல்லா மதமும்தான்

எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளாங்குடிப் பக்கம் காடாகக் கிடந்த இடமெல்லாம் மனைக்கட்டாக மாறி, குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் ஆளுக்கொரு வீடு எழுப்பிக்கொண்டிருந்த நேரம். மச்சானும் எழுப்பினார். பால் காய்ச்சுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், சைக்கிள் கேரியரில் சுருட்டிய காகிதம் ஒன்றைக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"மாப்ள, இதுக்கு நல்ல சட்டமாப் போடு. தேக்கு. உள்பக்கம் தங்க வரி ஓடணும்."

பிரித்துப் பார்த்தேன். அப்படி ஒரு படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பல நூறு வருஷத்துக்கு முன்னால், சீமையில் ஒரு ராஜா கடல் தாண்டிப் படையெடுத்துப் போன கதையை, நீளத் துணியில் கம்பளி நூலால் தைத்து வைத்திருக்கிறார்களாம். அதில் விருந்து நடக்கிற துண்டை மட்டும் அச்சடித்த தாள் அது. அச்சுத்தான் என்று தெரிந்தும் விரலால் தடவிப் பார்த்தேன், நூல் தட்டுப்படுமா என்று. ஒவ்வொரு தையலும் அவ்வளவு தெளிவு. நீலக் குதிரை, காவி மனிதன். எழுத்துகூட நூல்தான்.

இடது பக்கம் முழுக்கோழியைக் கம்பியில் குத்தி ஆட்கள் கைமாற்றிக் கொடுக்கிறார்கள். போருக்குக் கொண்டுவந்த கேடயங்களையே பலகையாகப் போட்டு அதன்மேல் சாப்பாடு. ஒருவன் கொம்பு ஊதுகிறான். வலது பக்கம் பிறை வடிவத்தில் ஒரு மேசை. நடுவில் ஒரு சாமியார் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணுகிறார். மேசையில் மீன் கிடக்கிறது. மேசைக்கு முன்னால் ஒருவன் கையில் துண்டும் கிண்ணமுமாக மண்டி போட்டு நிற்கிறான்.

மச்சான் படித்த பயிற்சிக் கல்லூரியில் வரலாறு நடத்திய வெளிநாட்டு அம்மா ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் அறைச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம். வருஷக்கணக்காகத் தகரப் பெட்டியில் சுருண்டு கிடந்திருக்கிறது. சுவர் வந்ததும் படம் வெளியே வந்துவிட்டது.

பாய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எந்த மதத்துச் சாமி வாத்தியாரே?"

"சாமி இல்ல பாய். சாப்பாடு."

"அப்ப எல்லா மதமும்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அவர் நகர்ந்ததும் மச்சான் என் பக்கம் குனிந்தார். "மாப்ள, இந்தப் படத்தப் பாத்தா நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியலையே மச்சான்."

"அதான் வேணும்" என்றார்.

படம் கூடத்துக்குப் போனது. அதுவரை வாடகை வீட்டில் முன்சுவரில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய அப்பா படம், கக்கத்தில் துண்டோடு நிற்கிற படம், அடுப்படிக்குள் போனது. அக்கா அதைத் தடுக்கவில்லை. ஆணி அடித்துக்கொண்டிருந்த என்னிடம், மச்சான் காதில் விழும்படி சொன்னாள்: "எங்க மாமாவுக்கு அடுப்படிதான்டா வசதி. உசுரோட இருக்கையில ஒரு வீட்டு அடுப்படியும் பாத்தவரு இல்ல."

புதுப்படத்தை மாட்டியதும் கிட்டே வந்து நின்று பார்த்தாள். மண்டி போட்டவன்மேல் விரல் வைத்தாள்.

"இது யாரு?"

"பரிமாறுறவன்" என்றார் மச்சான்.

"சாப்பிட்டானா?"

"படத்துல அதெல்லாம் எப்படித் தெரியும் பேச்சி?"

"தெரியாதுல்ல. தெரியுற மாதிரி எவனும் தைக்கல."

ஜன்னலோர மேசை

மச்சானுக்கு அப்போது ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன்னோடு வேலை பார்க்கிற வாத்தியார்கள் தன் வீட்டுக் கூடத்தில், தன் வீட்டு இலையில், ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

இதெல்லாம் ஓர் ஆசையா என்று இப்போது இருபது வயதில் இருக்கிறவர்கள் கேட்கலாம். கேட்கிற பாக்கியம் உங்களுக்கு இருக்கிறது.

அவர் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வாத்தியார்கள் எல்லோரும் நடு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் குழம்பு இன்னொருவர் டப்பாவுக்குப் போகும், அவர் ஊறுகாய் இவருக்கு வரும். மச்சானுக்கு ஜன்னல் ஓரத்தில் தனி மேசை. யாரும் அவரை அங்கே போ என்று சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "சார், ஜன்னல் பக்கம் காத்து நல்லா வரும்" என்று மட்டும் ஒருவர் சொன்னார். பல வருஷம் காற்று வாங்கிக்கொண்டே சாப்பிட்டார் மனிதர்.

ஆகவே வீட்டுக்குப் பால் காய்ச்சுகிற நாளை அவர் ஒரு யுத்தத்துக்குத் தயாராகிறவர் மாதிரி ஏற்பாடு செய்தார். டவுனில் பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமைக்கிற ஒருவரை, நெற்றி நிறையப் பட்டை போட்டவரை, பேசி அமர்த்தினார். பாத்திரம் புதுசாக வாடகைக்கு வந்தது. தண்ணீர்கூட டவுனிலிருந்து அண்டாவில் வந்தது. முழுக்கச் சைவம்.

சமையல்காரர் நல்ல மனிதர். அடுப்பு மூட்டும்போதே மச்சானிடம் மெல்லச் சொன்னார்: "என் கைதான் சார், நான் இல்லங்கல. ஆனா நெலப்படி உங்க நெலப்படியாச்சே. அத நான் எந்த ஊர்லேருந்து வாடகைக்குக் கொண்டாரது?"

மச்சான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆசை வந்தால் முதலில் அடைபடுவது காதுதான்.

இதில் சிக்கல் என்னவென்றால் எங்கள் ஆட்கள். ஊரிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் வரும். அவர்களும் வாத்தியார்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் வாத்தியார்கள் எழுந்துவிடுவார்கள் என்பது மச்சானின் கணக்கு. அதனால் முதல் பந்தி வாத்தியார்களுக்கு மட்டும், கூடத்தில். ஊர்க்காரர்களுக்கு அதன் பிறகு, வெளியே பக்கத்து மனையில் போட்ட பந்தலில். ஊருக்கே போய், "பன்னண்டு மணிக்கு மேல வாங்க, வெயில் தாழ வந்தாலும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். பால் காய்ச்சுகிற வீட்டுக்கு வெயில் தாழ வரச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

அக்காவுக்கு இது சம்மதம் இல்லை. புது வீட்டில் முதல் இலை பெற்றவளுக்கு என்பது அவள் கட்சி. அவளுடைய ஆத்தாள், அதாவது என் அம்மா, வாழ்நாளில் ஒரு விசேஷ வீட்டிலும் முதல் பந்தி பார்த்ததில்லை. மகள் வீட்டிலாவது பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

"ஒரு பந்தி பேச்சி, ஒரே ஒரு பந்தி பொறுத்துக்க" என்று மச்சான் கெஞ்சியதை நானே கேட்டேன். "அவுங்க ஒரு தடவ உக்காந்து கை நனைச்சிட்டா அப்புறம் வழி திறந்துரும். நாளைக்கு நம்ம புள்ள கல்யாணத்துக்கு அவுங்களே முன்னால வந்து உக்காருவாங்க."

அக்கா, "சரி. ஒரு பந்தி" என்றாள்.

சேவலோடு வந்தவர்கள்

எங்கள் ஆட்களை மத்தியானம் வரச் சொன்னால் மத்தியானமா வருவார்கள்? முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். அம்மா முன்னால் வந்தாள். கையில் கால் கட்டிய சேவல். மகள் வீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீர்.

சமையல்காரர் சேவலைப் பார்த்தார். சேவல் சமையல்காரரைப் பார்த்தது. "அதக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க தாயி" என்றார். பந்தல்காலில் கட்டினோம்.

சைவச் சாப்பாடு என்று தெரிந்ததும் எங்கள் சித்தப்பா பந்தலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். "கத்திரிக்காய்க்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்தோம். விருந்துன்னா வாயில ஒரு எலும்பாச்சும் கடிபட வேணாமா?"

பிறகு எல்லோரும் வீடு பார்க்கக் கூடத்துக்குள் வந்தார்கள். படத்துக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. "அங்க பாரு, செவுத்துல கோழி, தரையில கத்திரிக்காயா? மாப்ள, அந்த ராசா வீட்டு விலாசம் இருந்தாக் குடு, நான் அங்கிட்டுப் போறேன்."

அம்மா கொம்பு ஊதுகிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏய்யா, இவன் ஊதிக்கிட்டே இருக்கானே, திங்க உக்காரலையா?"

"அவன் ஊதுறவன் அத்தே" என்றார் மச்சான்.

"அப்ப நம்மாளு" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "அத்தே, பந்தல்ல போயி இருங்க, காத்து நல்லா வருது" என்றார்.

அவர் அதைச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜன்னலோர மேசையைக் காட்டியவருக்கும் அதே குரல் இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கம். பந்தலில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். சாம்பாருக்குத் தாளிக்கிற வாசம் அங்கே போய்க்கொண்டிருந்தது. சின்னஞ்சிறுசுகள் "எப்ப எலை போடுவாக?" என்று நச்சரித்தன. "பெரியவுக சாப்பிட்டதும்" என்றாள் அம்மா, பெரியவர்களுக்கெல்லாம் பெரியவள்.

மூடி திறக்காத கலர்

வாத்தியார்கள் பதினோரு மணி வாக்கில் ஒரே கூட்டமாக வந்தார்கள். ஹெட்மாஸ்டர் வெள்ளை ஜிப்பா. கணக்கு வாத்தியார், தமிழ் வாத்தியார், டிரில் மாஸ்டர், இன்னும் சிலர். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தார்கள். முகம் எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும், அவர்கள் கெட்டவர்கள் மாதிரி வரவில்லை.

மச்சான் ஓடினார், வணங்கினார், நாற்காலி இழுத்தார். மோர் கொண்டுவரச் சொன்னார். கணக்கு வாத்தியார் கையை ஆட்டினார். "மோரெல்லாம் எதுக்கு சார். கலர் இருந்தா ஒண்ணு குடுங்க."

எங்கள் பக்கம் கலர் என்றால் பாட்டிலில் வருகிற வண்ண சோடா. கடையில் அடைத்த பாட்டில். மூடியைத் தங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லிக் குடித்தால் ஒரு வீட்டின் தண்ணீரும் படாது, டம்ளரும் படாது. எங்கள் வீடுகளுக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கு எப்போதும் கலர் மேலே தீராத தாகம்.

மச்சானுக்கு அது தெரியாதா? தெரியும். இருந்தும் அவர் முகம் வாடவில்லை. கலர் முதல் படி, இலை அடுத்த படி என்று நினைத்தார்.

ஹெட்மாஸ்டர் கூடத்துக்குள் வந்தார். படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மச்சான் பூரித்துப்போய் அது என்ன, எந்த ஊர், எப்படித் தைத்தது எல்லாவற்றையும் சொன்னார். ஹெட்மாஸ்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சின்னதாக ஒரு பாடமே நடத்தினார்.

"பாத்தீங்களா? ராஜா, மதகுரு, படைத்தலைவன், எல்லாரும் ஒரே மேசை. அந்தக் காலத்துலயே அங்க சமபந்தி இருந்திருக்கு. நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எப்ப வரப்போகுதோ." பிறகு மச்சானின் தோளைத் தட்டினார். "நல்ல ரசனை தங்கராசு. அருமையான படம்."

தோளைத் தட்டினார் என்பதை மச்சான் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார். தொட்டார் இல்லையா.

"சார், இலை போடலாங்களா?"

"போடுங்க, போடுங்க. இந்தா வந்துட்டோம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

அவ்வளவுதான், மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. நானும் இன்னும் இருவரும் பாய் விரித்தோம், இலை போட்டோம், தண்ணீர் தெளித்தோம். ஹெட்மாஸ்டருக்குப் படத்துக்கு நேர் கீழே தலைவாழை இலை. பொரியல், கூட்டு, பச்சடி, அப்பளம், வடை. சமையல்காரர், "உக்காரட்டும், பெறகு சோறு வைக்கலாம்" என்றார். மச்சான் கேட்கவில்லை. "வந்துட்டாங்க, வைங்க" என்றார். சோறு வைத்தோம். பருப்பு ஊற்றினோம். நெய் விட்டோம். இலை ஓரத்தில் பாயசம்கூட விட்டாயிற்று.

வராந்தாவில் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. ஆட்கள் வரவில்லை.

மச்சான் போய்க் கூப்பிட்டார். கணக்கு வாத்தியாருக்கு அன்றைக்குச் சஷ்டி விரதம். டிரில் மாஸ்டருக்கு வயிறு சரியில்லை, டாக்டர் எண்ணெயைத் தொடக்கூடாது என்றிருந்தார். இன்னொருவருக்கு மச்சினன் வீட்டில் காதுகுத்து, அங்கே சாப்பிடாவிட்டால் சண்டை வரும். ஒரே நாளில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே இத்தனை இடைஞ்சல் வந்து சேர்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தமிழ் வாத்தியார் மட்டும் எழுந்து கூடத்துக்குள் வந்துவிட்டார். இளவட்டம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைக்கு முன்னால் குனியவும் குனிந்துவிட்டார். ஒரு கை பாயில் ஊன்றியாயிற்று. என் கையில் குழம்பு வாளி. அந்த ஒரு மூச்சு நேரம், வீட்டில் எல்லோருமே அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வராந்தாவிலிருந்து ஹெட்மாஸ்டரின் குரல் வந்தது. அதட்டல் இல்லை. ரொம்பச் சாதாரணமான குரல். "என்ன சார், எங்ககூட வர்றீங்களா, இருந்து வர்றீங்களா?"

தமிழ் வாத்தியார் நிமிர்ந்தார். வேட்டியை இறக்கிவிட்டார். மச்சான் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்து, "இன்னொரு நாள் வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகும்போது ஹெட்மாஸ்டர் தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார். தோல் இருக்கிற பண்டத்துக்குத் தோஷம் இல்லை. "வீடு நல்ல லட்சணமா இருக்கு. அந்தப் படம் அருமை" என்று மறுபடியும் சொன்னார். சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் ஏறின.

பாராட்டு வாங்கிய படம்

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை மச்சான் கழற்றவே இல்லை. அன்றைக்கு அவர் கோபத்தில் அதைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை பாராட்டிய படமாயிற்றே. பிற்பாடு வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எங்க ஹெட்மாஸ்டரே நின்னு பாத்த படம்" என்பார். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்களே, இவருக்குக் கூழும் கிடைக்கவில்லை, மீசையும் மிஞ்சவில்லை. படம்தான் மிஞ்சியது.

அவரைப் பரிகாசம் பண்ணுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் பட்டதில் பாதிகூட எனக்கு வரவில்லை. பிரேம் கடையில் பாயும் நானும் ஒரே பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தோம். படிக்காதவனுக்கு அந்த ஒரு சௌகரியம் இருந்தது. படித்தவர் மேசைக்குப் போனார், மேசை அவரை ஜன்னல் ஓரத்துக்கு அனுப்பியது.

கூடத்தில் இருவர்

சைக்கிள் மணிச் சத்தம் ஓய்ந்தது. மச்சான் வாசலிலிருந்து திரும்பிக் கூடத்துக்கு வந்தார். இலைகளைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி அக்காவிடம் சொன்னார்:

"பேச்சி, உங்க ஆத்தாளையும் மத்தவங்களையும் உள்ள கூப்பிடு. இதுலயே உக்காரட்டும்."

அக்கா அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் உடுத்திய முதல் பட்டு அது, கத்திரிப்பூ நிறம். "இதுலயேன்னா?" என்றாள்.

"இந்த எலையிலயேதான். யாரு கையும் படல. எச்சி இல்ல பேச்சி, சும்மா வச்சது வச்சபடி இருக்கு. இம்புட்டுச் சோத்தையும் என்ன பண்றது?"

"எச்சி இல்லதான். பாத்துட்டு வேணாம்னு போன எலை. நான் ஒரு பந்தி பொறுக்குறேன்னு சொன்னேன், பொறுத்துட்டேன். வெளிய அவ காலையில இருந்து காலை நீட்டிக்கிட்டு உக்காந்துருக்கா, ஒரு வாய்த் தண்ணி கேக்கல. ஆவி பறக்கையில ஹெட்மாஸ்டருக்கு, ஆறிப்போனா எங்க ஆத்தாளுக்கா?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "சோறு என்ன பாவம் பண்ணுச்சு" என்றார், தரையைப் பார்த்து.

பந்தலுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். இத்தனையும் அங்கே கேட்டிருக்கிறது. அம்மாவின் குரல் வந்தது. "இருக்கட்டும்டி. பசிக்கு ஆறுனது ஆறாததுன்னு என்ன இருக்கு. போட்டதத் தின்னுட்டுப் போறோம், நீ ஏன் சடைஞ்சுக்கிற?"

அதைக் கேட்டதும்தான் அக்காவின் முகம் மாறியது. அதுவரை கோபமாக இருந்தது. அதற்குப் பிறகு அதில் ஒன்றுமே இல்லை.

பட்டுச்சேலை முந்தியை இழுத்து இடுப்பில் செருகினாள். நேராக வந்து, ஹெட்மாஸ்டருக்குப் போட்டிருந்த தலைவாழை இலைக்கு முன்னால், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளே முதல் இலையில் சாப்பிடப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். குழம்பு வாளியைக்கூட எடுத்துவிட்டேன். அவள் சோற்றில் கை வைக்கவில்லை. இலையின் தன் பக்கத்து ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, சோறு, பொரியல், பாயசம் எல்லாவற்றோடும் சேர்த்து எதிர்ப்பக்கமாக மடித்தாள், சாவு வீட்டில் சாப்பிட்டு எழுகிறவர்கள் மடிப்பதுபோல. பிறகு பாயிலேயே நகர்ந்து, அடுத்த இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அதன் ஓரத்தையும் பிடித்தாள்.